ஒளிவுமறைவு ஒழிப்பு உத்தரவு

அரசாங்கக் கணினிகள் எல்லாம் ஒற்றுமையாக வாழ வேண்டும் என்ற உயரிய நோக்கத்தோடு, பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் மென்பொருள் ஒருமைப்பாட்டு நிலையம் நடந்துவந்தது. ஒவ்வொரு துறைக்கும் எழுதிய சிறு நிரல்களை, அதாவது ஃபங்ஷன்களை, தனித்தனி லைப்ரரியாகக் கட்டி, எல்லா அலுவலகங்களும் பொதுவில் எடுத்துப் புழங்கும்படி ஏற்றி வைப்பது அதன் வேலை. அங்கே ஜானவி ஒப்பந்த ஊழியை. கரமனையிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒப்பந்தம் வருஷா வருஷம் மார்ச்சில் முடியும். அதை நீட்டிக்கும் கையெழுத்து இயக்குநர் தளவாய் சாருடையது. எனவே மார்ச் நெருங்க நெருங்க அவர் சொல்வதெல்லாம் அவளுக்கு நியாயமாகவே படும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த புதிது. அந்த மாத அறிக்கையில் ஜானவி ஒரு வரி எழுதியிருந்தாள்: "லைப்ரரிகளின் உள்வேலைக்கு மட்டுமான ஃபங்ஷன்கள் வெளியே தெரியாதபடி மறைக்கப்பட்டன."

"மறைச்சோ?" தளவாய் சாருக்கு வியர்த்துவிட்டது. நெல்லைப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து மூன்று தலைமுறையான குடும்பம். பதறினால் தமிழுக்குள் மலையாளம் தானாக நுழைந்துவிடும். "மோளே, சட்டம் வந்திருக்கு, கேட்டோ? நாளைக்கு ஒருத்தன் மனு போட்டு, அரசாங்கம் எதையெல்லாம் மறைச்சு வெச்சிருக்குன்னு கேட்டா ஞான் எந்து பறையும்?"

"அந்த மறைப்பு இல்லை சார். ஹோட்டல்ல மெனு கார்டை வெளியே வெக்கறாங்க. அடுப்பை வெக்கறதில்லையே."

"ஏன் வெக்கலை? அடுப்பைக் காட்டாத ஹோட்டல்ல ஞான் கை நனைக்க மாட்டேன்."

மறுநாளே உத்தரவு வந்தது. இந்நிலையத்தின் எந்த ஃபங்ஷனும், சிறிதாயினும் பெரிதாயினும், பொதுமக்கள் பார்வையினின்று மறைக்கப்படலாகாது. பொதுமக்களில் ஒருவர்கூட இதுவரை ஒரு ஃபங்ஷனையும் பார்க்க விரும்பியதில்லை என்பதை உத்தரவு பொருட்படுத்தவில்லை.

ஜானவி கடைசியாக ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். "ஒரே பேர்ல ரெண்டு துறையிலும் ஃபங்ஷன் இருக்கும் சார். உள்ளேயே இருந்தா சண்டையில்லை. எல்லாத்தையும் வெளியே விட்டா, எது முதல்ல ஏறுதோ அதுதான் எல்லாருக்கும் பதில் சொல்லும்."

"அப்போ எதை முதல்ல ஏத்தறது?" கேட்ட மாத்திரத்தில் தளவாய் சாரின் முகம் தெளிந்தது. முப்பது வருஷமாக அவர் நன்றாக அறிந்த விஷயம் அது. "சீனியாரிட்டி!"

துறைத் தலைவர்களில் மூத்தவர் கால்நடைத் துறைக்காரர். ஆகவே கால்நடை லைப்ரரி முதலில் ஏறியது. மற்றவை மரியாதையாகப் பின்னால் நின்றன.

கால்நடைத் துறையிலும் பென்ஷன் பிரிவிலும் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரே பெயரில் ஒரு ஃபங்ஷன் இருந்தது. ஒன்று மாடு கறக்கிறதா என்று சொல்லும். மற்றது பென்ஷன்காரர் இருக்கிறாரா என்று சொல்லும்.

அடுத்த வாரம் ஸ்ரீவராகத்திலிருந்து சிவகாமியம்மாள் வந்தாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கையில் புதிதாக அச்சான உயிர்ச் சான்றிதழ். ஜானவியின் பக்கத்து மேஜைக்காரனான செல்வின் வாங்கி உரக்கப் படித்தான்.

"நிலை: கறவை வற்றியது. சினையில்லை."

"வாஸ்தவம்தான்," என்றாள் சிவகாமியம்மாள். "எழுபத்தாறு வயசாறது. ஆனா அதை கவர்மென்ட் சீல் போட்டு வேற சொல்லணுமா? என்னை ஏலத்துல எடுக்க எப்போ வரப்போறா, அதையும் சொல்லிடுங்கோ."

செல்வின் மேஜைக்கு அடியில் குனிந்து, விழாத பேனாவைத் தேடினான். ஜானவியால் சிரிக்க முடியவில்லை. லைப்ரரிகளைத் திறந்துவிட்டது அவள் கைதான். அந்த அம்மாளை உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"பழையபடி மறைச்சிடலாம் சார்."

"உத்தரவை ரத்து பண்ணினா, பின்னே எந்தினு போட்டேன்னு கேப்பாங்க. மறைக்காம வேற வழி உண்டோ?"

"இருக்கு. எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு குட்டி லைப்ரரியை ஏத்தலாம். அதுலயும் ஒரு ஸ்டேட்டஸ் இருக்கும். கேள்வி வந்தா அதுதான் குறுக்கே பிடிக்கும். கேக்கறது பென்ஷன் ஆபீஸா, மாட்டாஸ்பத்திரியான்னு பார்த்து, சரியான இடத்துக்குத் தள்ளிவிடும்."

"முன்னாடி ஏத்தறது…" தளவாய் சார் கண்ணை மூடி ரசித்தார். "முன்னேற்றம்! பேரு அதுதான்."

அன்று மாலையே சிவகாமியம்மாள் உயிரோடிருப்பதாக அரசு ஏற்றுக்கொண்டது. அவள் தாளை இரண்டு தரம் படித்து, மாட்டைப் பற்றி ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு போனாள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒன்று முன்னால் நின்றுகொண்டு வேறொன்றின் சார்பில் பதில் சொல்லலாம் என்ற செய்தி கட்டிடம் முழுக்கப் பரவிவிட்டது. வருகைப் பதிவுப் பிரிவிலிருந்து சரோஜம் மேடம் வந்தார்.

"மோளே, அந்த முன்னேற்றம் கேள்வியைத் தள்ளிவிடாம, அதுவே பதில் சொல்லிட்டா?"

"அப்படியும் பண்ணலாம்," என்று ஜானவி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

பத்து நாளில் ஊழியர்கள் அனைவரும் சரியாகப் பத்து மணிக்கு வந்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டுக்கு வந்தவர்களும் பத்துக்கே வந்தார்கள். பிறகு அதுவே நாகரிகமாயிற்று. துறைத் தலைவர்கள் சந்தித்துக்கொண்டால், "உங்க துறையில முன்னேற்றம் எத்தனை?" என்று குசலம் விசாரித்தார்கள். தேங்கிய கோப்பு எத்தனை என்று கேட்டால் பூஜ்யம் என்றது ஒரு முன்னேற்றம். பொதுமக்களின் குறைகள் என்னென்ன என்றால், ஏதுமில்லை என்றது இன்னொன்று.

"இது பொய் சார்," என்றாள் ஜானவி.

"பொய்யோ? எதையாவது மறைச்சோமா? எல்லா ஃபங்ஷனும் வெளியேதான் இருக்கு. அதுவரைக்கும் யாரும் போறதில்லை, அவ்வளவுதான்."

அப்போது பிப்ரவரி. ஜானவிக்கு நியாயமாகவே பட்டது.

மார்ச்சில் அரசாணை வந்தது. கோப்புகள் தேங்கவில்லை, குறைகள் இல்லை, ஊழியர்கள் ஒரு நிமிஷமும் தாமதிப்பதில்லை. ஆகையால் நிலையம் தொடங்கிய நோக்கம் முற்றிலும் நிறைவேறிவிட்டதாக அரசு பெருமகிழ்ச்சியுடன் கருதி, இயக்குநர் பதவி உள்ளிட்ட எல்லாப் பணியிடங்களையும் ரத்து செய்தது. கூடவே ஒரு பாராட்டுப் பத்திரம்.

தளவாய் சார் ஜானவியை இழுத்துக்கொண்டு குறைதீர்ப்பு ஜன்னலுக்கு ஓடினார். உள்ளே இருந்தவர் மனுவைக் கணினியில் ஏற்றி, திரையைப் பார்த்தார்.

"உங்களுக்குக் குறை ஒண்ணுமில்லைன்னு வருதல்லோ சார்."

"இப்பத்தானேடோ தந்தேன்!"

"சிஸ்டம் இல்லைங்குது."

தளவாய் சார் ஜானவி பக்கம் திரும்பினார். "அந்த முன்னேற்றத்தை எடுத்து மாத்து, மோளே!"

"என் பாஸ்வேர்டு போயிடுச்சு சார். பணியிடத்தோட அதையும் ரத்து பண்ணிட்டாங்க."

இருவரும் ஜன்னலை விட்டு நகர்ந்தார்கள். அதற்குள் அவர்களுக்குப் பின்னால் வரிசை படிக்கட்டுவரை நீண்டிருந்தது. நின்றவர்களில் பாதிப் பேரை ஜானவிக்குத் தெரியும். போன மாதம்வரை ஆளுக்கொரு முன்னேற்றம் கேட்டு அவள் மேஜையைச் சுற்றி நின்ற துறைக்காரர்கள். எல்லோர் கையிலும் அதே பாராட்டுப் பத்திரம் இருந்தது.

"உங்களுக்கும் ஒண்ணுமில்லைன்னுதான் வந்துதோ?" என்று முதலில் நின்றவர் தளவாய் சாரைக் கேட்டார். பிறகு ஜானவியை மற்றவர்களுக்குக் காட்டி, மனசாரச் சொன்னார்:

"இந்தப் பொண்ணு போட்டதுதான். இன்னி தேதிவரைக்கும் ஒருதரம்கூட தப்பினதில்லை."