சேவலுக்கு மூன்று சொல்

காசு என்ற சாமானைக் கண்டுபிடித்தவன் மீது இந்த உலகத்திலேயே அதிகம் கோபம் வைத்திருந்த மனிதர் எங்கள் மாத்தண்ணைதான். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று கூப்பன் புத்தகத்தில் இருந்திருக்கும். கிளிநொச்சியில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. வடமராட்சியிலிருந்து வந்து, காடு வெட்டி, குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்தவர். எதையும் வாங்க மாட்டார், விற்க மாட்டார், மாத்துவார். தலைமயிர் வெட்ட இரண்டு பிடி கீரை, பஸ் கண்டக்டருக்கு நாலு தேசிக்காய், வேட்டி வெளுக்க ஒரு சுண்டு உழுந்து. அவருடைய கலியாணம்கூட மாத்துச் சம்பந்தம்தான். தங்கையை மச்சானுக்குக் கொடுத்து, மச்சானின் தங்கையைத் தான் எடுத்தவர். "அந்த மாத்திலை மட்டும் எனக்கு நல்ல லாபம்" என்பார், மனைவிக்குக் கேட்கக்கூடிய தூரத்தில் நின்றுகொண்டு.

ஒருமுறை நாலு இளநீரைக் கொடுத்துவிட்டுப் படம் பார்க்கப் போனார். இடைவேளையோடு எழும்பி வந்து, வாசலில் நின்றவரிடம் இரண்டு இளநீரைத் திருப்பிக் கேட்டார். பாதிப் படம்தானே பார்த்தேன் என்பது அவருடைய நியாயம். வாசலில் நின்றவர் ஏற்கெனவே மூன்றைக் குடித்துவிட்டிருந்தார். மிச்சமிருந்த ஒன்றோடு மாத்தண்ணை வீட்டுக்குப் போனார். அடுத்த கிழமை போய், முதல் பாதியை விட்டுவிட்டு இடைவேளைக்குப் பிறகு உள்ளே போய் உட்கார்ந்ததாகவும் கதை.

இந்த நாட்களில் பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவு வந்தால் வீட்டுக்கு வீடு நடக்கிற சண்டையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய ஞாபகம் வருகிறது. எங்கே போவது என்பதில் சண்டையில்லை. போனால் எங்கே படுப்பது, படுக்கிற கட்டிலுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதில்தான் சண்டை. எங்கள் வீட்டில் அந்தச் சண்டை எண்பதாம் ஆண்டிலேயே நடந்து முடிந்துவிட்டது.

அப்போது நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க். ஆஸ்பத்திரி வீதியில் குவார்ட்டர்ஸ் தந்திருந்தார்கள். எழுபத்தேழில் அரசாங்கம் மாறிய பிறகு கடைகளுக்கு இல்லாத சாமானெல்லாம் வந்தது. கூடவே விலையும் வந்தது. சம்பளம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. பிள்ளைகள் இரண்டுக்கும் மலை காட்டுகிறேன் என்று மூன்று வருடமாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரசாங்க உத்தியோகத்தருக்கு வருடத்துக்கு மூன்றுமுறை குடும்பத்தோடு இலவசமாக ரயிலில் போக வாரண்ட் கிடைக்கும். அதுவரை எங்களுக்குக் கிடைத்த வாரண்ட் முழுவதும் மாமியார் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையிலேயே கரைந்து போயிற்று. "பிள்ளையள் மலையெண்டால் புத்தகத்திலை இருக்கிற சாமான் எண்டு நினைக்குதுகள்" என்று என் மனைவி சரோஜா சொல்லத் தொடங்கியிருந்தாள். அவள் உரக்கச் சொன்னால் தாங்கலாம். மெதுவாகச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் மாத்தண்ணை வாய்க்கால் விஷயமாக ஒரு கடுதாசியோடு கந்தோருக்கு வந்தார்.

"என்ன தம்பி, முகம் தொங்கிக் கிடக்குது?"

"றெயிலுக்கு இந்த வருஷ வாரண்ட் இருக்கு, அண்ணை. தங்கத்தான் வழியில்லை. சித்திரையிலை நுவரெலியாவிலை ஒரு அறைக்குக் கேக்கிற காசுக்கு இஞ்சை ஒரு மாடு வாங்கலாம்."

"மாட்டை ஏன் வாங்கிறாய்? சரி, அதை விடு. உன்ர வீட்டுக்கும் ஆசுப்பத்திரிக்கும் எவ்வளவு தூரம்?"

"கூப்பிட்டால் கேக்கும்."

மாத்தண்ணை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். அவர் இருந்தால் வியாபாரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அவருடைய வயலில் லெட்சுமி என்றொரு பெண் வேலை செய்தாள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியும் புருஷனுமாக லொறியில் வந்து இறங்கியவள். வந்த வருடமே, அடைமழைக்குள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல் கொட்டிலிலேயே ஒரு பிள்ளை பிறந்து, தங்கவில்லை. பக்கத்தில் பெண் என்று ஒரு சீவன் இருக்கவில்லை. இப்போது மறுபடியும் நிறைமாதம். சித்திரை நடுவில் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா புஷ்பம் நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தாள். "அக்கா பக்கத்துல இருந்தா புள்ள தங்கிரும்ங்க" என்று லெட்சுமி நாற்று நடும்போதும் சொல்வாள், களை பிடுங்கும்போதும் சொல்வாள்.

"இஞ்சை பார்" என்றார் மாத்தண்ணை. "உன்ர பிள்ளையளுக்கு மலை வேணும். லெட்சுமிக்கு அக்காவும் வேணும், ஆசுப்பத்திரிக்குப் பக்கத்திலை ஒரு கூரையும் வேணும். பத்து நாளைக்கு உன்ர வீடு அக்காவுக்கும் தங்கச்சிக்கும், லெட்சுமியின்ரை புருஷன் வயல் கொட்டிலிலை நிக்கட்டும். புஷ்பத்தின்ரை லயத்து அறை உனக்கு. ஆருக்கும் ஒரு சேதமில்லை."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. சரோஜாதான் "லயத்திலையோ?" என்று ஒரு சொல் கேட்டாள். தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளுக்குத்தான் லயம் என்று பெயர். பிறகு லெட்சுமி நடந்துவந்து எங்கள் படலையடியில் நின்றாள். சரோஜா அவளுடைய வயிற்றைப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் குசினியைத் துப்புரவாக்கத் தொடங்கிவிட்டாள்.

புஷ்பத்தைக் கொண்டுவருவதுதான் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு ஏது வாரண்ட்? மாத்தண்ணை ஒரு மூட்டை புழுங்கலரிசியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போய், நானுஓயாவிலிருந்து ஒரு டிக்கெட் வேண்டும் என்று கேட்டார். உள்ளே இருந்தவர் நல்ல மனிதர், சிரிக்காமல் பதில் சொன்னார்.

"ஐயா, றெயில் சோறு தின்னாது."

"றெயில் தின்னாட்டில் நீங்கள் தின்னுங்கோவன்."

அது சரிவரவில்லை. மூட்டை திரும்பி வந்தது. அடுத்த நாள் அதே மூட்டை, கரட்டும் லீக்ஸும் கொண்டுவருகிற மரக்கறி லொறியின் டிரைவருடைய வீட்டுக்குப் போயிற்று. அந்தக் கிழமையே புஷ்பம் லொறியின் முன் சீட்டில் ஏறி வந்து இறங்கினாள். தன் இரண்டு பையன்களையும் புருஷனோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். அக்காவும் தங்கையும் மூன்று வருடத்துக்குப் பிறகு சந்திக்கிறார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நாங்களெல்லாம் காத்துக்கொண்டு நின்றோம். புஷ்பம் தங்கையை மேலும் கீழும் பார்த்து, "சாப்பிடுறியா நீ?" என்று மட்டும் கேட்டாள். அதற்குத்தான் லெட்சுமி அழுதாள்.

நாங்கள் அன்றே ரயில் ஏறினோம். மலையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொல்காவலையில் வண்டி மாறி, ரயில் மலையேறத் தொடங்கியதிலிருந்து பிள்ளைகள் வாயை மூடவில்லை. அந்த வாயோடுதான் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். புஷ்பத்தின் புருஷன் சுப்பையா தன் ஒற்றை அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, தன் பையன்களோடு பக்கத்து வீட்டு வாசலில் படுத்தார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகமுதல் எங்களுக்குத் தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் கொண்டுபோன கருவாட்டை லயம் முழுவதும் பகிர்ந்து தின்றது. பதிலுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ரொட்டி வந்தது. குளிருக்கு ஒரே கம்பளியில் நாலு பேரும் சுருண்டு படுத்தோம். சரோஜா மூன்றாம் நாளே அந்தப் பெண்களோடு கொழுந்து கிள்ளப் போய், அரை மணித்தியாலத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றைக்கு இரவு அவள் சிரித்த சிரிப்பை நான் கலியாணம் கட்டிய புதிதில்தான் கடைசியாகக் கேட்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் தந்தி வந்தது.

அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவு. தோட்டத்தில் அது இன்னும் உறுதியான சாவு. தந்திக்காரன் படியேறி வருவதைக் கண்டதும், பிரிக்க முன்பே இரண்டு பெண்கள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சுப்பையா போய் வாங்கி வந்தார். என்னிடம் தந்தார். பிரித்தேன். மூன்றே சொற்கள்.

இப்போது வர வேண்டாம்.

அனுப்பியவருடைய பெயர் இல்லை. கிளிநொச்சி என்று மட்டும் இருந்தது. நான் எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். பிறகு ஒரு கிழவர், "மறுபடி ஏதும் கலவரமோ?" என்றார். எழுபத்தேழைக் கண்டவர்களுக்கு வேறென்ன தோன்றும்? சுப்பையா அதைக் கேட்கவேயில்லை. அவர் கொழுந்தியாவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு நின்றார். "புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு சார்" என்றார். "இல்லாட்டி லெட்சுமிக்கு."

சரோஜா உடுப்புகளைப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"வர வேண்டாமெண்டெல்லோ கிடக்குது?" என்றேன்.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை அங்கை எங்கடை வீட்டுக்குள்ளை கிடந்து என்ன படுகுதோ. நீங்கள் எழுத்துப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்."

அன்றைக்கே திரும்பி ரயில் ஏறினோம். வண்டி கனகராயன்குளம் தாண்டும்போது சரோஜா, "நாங்கள் போயிருக்கக் கூடாது" என்றாள். மலையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் இரண்டும் அவளை ஒட்டிக்கொண்டு இருந்தன.

எங்கள் படலையடிக்கு வந்தபோது வீடு மாறிவிட்டதோ என்று நினைத்தேன். முற்றத்தில் நின்ற ஒவ்வொரு செடியும் இடுப்பளவு உயரத்தில், மட்டம் வைத்து வெட்டியதுபோல ஒரே தட்டையாக நின்றது. செவ்வரத்தை தட்டை. தேசிமரம் தட்டை. சரோஜா ஐந்து வருடம் வளர்த்துப் பந்தலில் ஏற்றிய மல்லிகை, பந்தலைத் தனியே விட்டுவிட்டு, தட்டை. கறிவேப்பிலை மரத்தடியில் புஷ்பம் கத்தியோடு நின்றாள்.

"வாங்கம்மா. சும்மா உக்காந்து திங்க மனசு வரலைங்க. எல்லாம் காடா வளந்து கெடந்துச்சு. கவ்வாத்து பண்ணிட்டேன்."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைத் தறிப்பது. தோட்டத்தில் அப்படித் தறித்தால்தான் கொழுந்து வரும். மல்லிகையிலும் கொழுந்து வரட்டும் என்று நல்ல மனதோடு செய்திருக்கிறாள்.

சரோஜாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "லெட்சுமி எங்கை?" என்றாள்.

லெட்சுமி உள்ளே எங்கள் கட்டிலில், வயிறு கூரையைப் பார்க்க, உப்புத் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. டாக்டர் சொன்ன நாள் தாண்டி நாலு நாள் ஆகிவிட்டது, வேறொன்றும் இல்லை. சரோஜா அப்படியே படியில் இருந்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் மல்லிகையைக் கண்டாள். அதற்குத் தனியாக அழுதாள்.

பின்னேரம் மாத்தண்ணை வந்தார். எங்களைக் கண்டதும் அவருக்குத்தான் கோபம்.

"வர வேண்டாமெண்டுதானே சொன்னனான்? நீங்கள் வந்தால் அந்தப் பிள்ளையள் எங்கை படுக்கிறது?"

"ஏன் வர வேண்டாமெண்டு சொல்லேல்லையே, அண்ணை. நாங்கள் செத்துப் பிழைச்சு வாறம்."

"தம்பி, தந்திக்குக் காசு வேணுமாம். கடைக்காரப் பொடியனிட்டை ஒரு சேவலைக் குடுத்து நீ கட்டடா எண்டனான். சேவலுக்கு மூண்டு சொல்லுத்தான் எண்டு சொல்லிப்போட்டான். பிள்ளை பிந்துது எண்டு போட இன்னொரு கோழி கேட்டவன். கோழி அடையிலை கிடக்குது, அதை எப்பிடி எழுப்பிறது?"

அடைகாக்கிற கோழியை எழுப்பக்கூடாது என்பது நியாயம்தானே.

மிச்ச விடுமுறையை நாங்கள் எங்கள் சொந்த வீட்டு விறாந்தையில் பாய் விரித்துக் கழித்தோம். புஷ்பம் சமைத்துத் தந்தாள், நாங்கள் விருந்தாளிகள்போலச் சாப்பிட்டோம். பிள்ளைகளைக் கேட்டால், மலையைவிட அந்த நாலு நாளும்தான் நல்ல லீவு என்பார்கள். நாலாம் நாள் விடியற்காலை லெட்சுமிக்கு வலி வந்தது. அக்கா ஒருபக்கமும் சரோஜா மறுபக்கமுமாகப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பத்து மணிபோலப் பெண்பிள்ளை பிறந்தது. வீதிக்குக் கேட்க அழுதது. தங்கிவிட்டது என்று புஷ்பம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று போகிற வருகிற எல்லோருக்கும் சொன்னாள்.

ஆனால் அவளுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. நாள் தள்ளினால் தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள், பையன்களும் அவளைத் தேடுவார்கள். தங்குவதற்குச் செலவழியாத காசில் சரோஜாவே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். அந்த விஷயத்தை மாத்தண்ணையோடு கதைக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவைத்தாள். பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள், எல்லோருமாக ஸ்டேசனுக்குப் போனோம். பச்சை உடம்போடு வர வேண்டாம் என்று சொல்லியும் லெட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாத்தண்ணை ஒரு போத்தல் காட்டுத் தேனோடு வந்தார். புஷ்பத்துக்கு என்று நினைத்தேன்.

கிளிநொச்சியில் அந்த வண்டி கனநேரம் நிற்காது. புஷ்பம் ஏறி ஜன்னலடியில் இருந்தாள். லெட்சுமி பிள்ளையை உயர்த்திக் காட்டினாள். அக்கா கையை வெளியே நீட்டி அதன் விரலைப் பிடித்தாள். இனி எப்போது காண்பது என்று இருவருக்கும் தெரியாது. மாத்தண்ணை அவர்களை ஒருதரம் பார்த்தார். பிறகு விறுவிறென்று பிளாட்பாரத்தின் கடைசிக்கு நடந்து, பச்சைக் கொடியோடு நின்ற கார்ட்டிடம் போனார்.

என்ன கதைத்தார் என்று எனக்குக் கேட்கவில்லை. தேன் போத்தல் கை மாறியது. கார்ட் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். ஆட்ட வேண்டிய பச்சைக் கொடி சுருண்டு கைக்கடியில் கமக்கட்டுக்குள் போயிற்று. வண்டி கிளம்பாமல் நின்றது. நேரம் போனது, வண்டி இன்னும் நின்றது. ஜன்னலடியில் அக்காவும் தங்கையும் அந்தச் சின்ன விரலைப் பிடித்தபடியே இருந்தார்கள். மாத்தண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருதரம்கூடத் திரும்பிப் பாராமல், கார்ட்டோடு கையை ஆட்டி ஆட்டி மழையைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ கதைத்துக்கொண்டே இருந்தார். அந்த முதுகை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது.