என் கழுத்தில் இங்கிலாந்து ராஜா

பொறாமை வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. இதை என் கணவர் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். (வெளியில் சொல்லும் தைரியம்தான் இன்னும் வரவில்லை.)

இங்கிலாந்தில் புது ராஜா முடிசூட்டிக்கொண்டதை ஒட்டி, அவர் பக்கவாட்டு முகம் பொறித்த தங்க நாணயங்கள் விற்பனைக்கு வந்தன. என் ஓரகத்தி மாலதிக்கு அவள் கணவர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சிங்கப்பூரில், காத்தோங் பக்கம் இருக்கும் அவள் வீட்டு ஹாலில், கண்ணாடிக் கூட்டுக்குள் ராஜா பளபளவென்று வீற்றிருந்தார். யாரையும் தொட விடமாட்டாள். வந்தவர்கள் எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வரை எனக்கு வயிறு எரிந்தது.

கணவரை நச்சரித்து அதே நாணயத்தை நானும் வாங்கினேன். அதோடு விட்டேனா? அவளை மிஞ்ச வேண்டுமே. சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோய், மேலே வளையம் பற்றவைத்துப் பதக்கமாக்கச் சொன்னேன். இதையெல்லாம் கைரேகைகூடப் படாமல் அல்லவா வைத்திருப்பார்கள் என்று கடைக்காரர் தயங்கினார். நான் காதில் வாங்கவில்லை.

நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அதைச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டு போய், நேராக மாலதி முன்னால் நின்றேன்.

“அக்கா, இதுல போய் வளையம் வச்சிட்டீங்களா? இனிமே நாணயம் சேக்குறவங்க யாரும் இதத் தொட மாட்டாங்க, கலெக்டர் வேல்யூ இல்ல லா” என்றாள்.

பக்கத்தில் நின்ற என் கணவரின் கையிலிருந்த லட்டு பாதி வழியில் நின்றது.

அந்த நேரம் பார்த்து மாமனார் கூப்பிட்டார். கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர். பதக்கத்தைக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விரலால் அதைத் தடவினார்.

“என் முகத்தப் போட்டுச் செஞ்சியாம்மா? மூக்கு அப்படியே இருக்கு.”

மாலதிதான், “மாமா, அது இங்கிலாந்து ராஜா” என்றாள்.

மாமா அவளைப் பரிவோடு பார்த்தார். “பொறாமைப்படாதம்மா. உனக்கும் ஒண்ணு செய்யச் சொல்றேன்.”

மண்டபமே சிரித்தது. குடும்பத்தின் ஒரே பொறாமைக்காரி நான் மரம்போல் நிற்க, பழி அவள் தலையில் விழுந்தது. (அன்று எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட.)

ஆபரேஷன் முடிந்து கண் நன்றாகத் தெரிந்த பிறகும் மாமா அது தன் முகம்தான் என்கிறார். சுற்றியுள்ள எழுத்தைக் காட்டினால், அதெல்லாம் டிசைன் என்கிறார். விசேஷம் எதுவானாலும் நான் அதைப் போட்டாக வேண்டும். போட்டோ எடுக்கும்போது பிள்ளைகள், “ராஜா, கொஞ்சம் திரும்புங்க” என்றால் போதும். மாமா பக்கவாட்டில் திரும்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடுவார்.