நாலு துளையும் ஒரு வெள்ளைத் துண்டும்

கார் மேடு ஏறவில்லை என்றால் அறிவுள்ளவர்கள் மெக்கானிக்கிடம் போவார்கள். நான் பெயிண்ட் அடித்தேன். எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் நாலு விரல் குழாய் ஒன்று உண்டு, இன்டேக் மேனிஃபோல்டு என்று பெயர். வீடியோவில் ஒருவர் அதைப் பளபளவென்று காட்டினார். நானும் என் கிழட்டு டீசல் காரின் குழாய்க்கு வெளிப்பக்கம் இரண்டு கோட் சில்வர் பெயிண்ட் பூசிவிட்டு, எஞ்சினியர்போல நிமிர்ந்து நின்றேன்.

மறுநாள் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயின் பாதி ஏற்றத்தில் வண்டி படுத்துவிட்டது. கடந்துபோன லாரியிலிருந்து கிளீனர் எட்டிப் பார்த்து, "தள்ளிக்கிட்டே போங்க சார், சீக்கிரம் போயிரலாம்!" என்றார். என் மனைவி பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இது கணவாய் ஏறணுங்க. இல்லேன்னா பழைய இரும்புக்குத்தான்" என்று படியில் நின்றபடி தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

அப்படித்தான் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பாலக்கோடு 'வெள்ளைத்துண்டு'விடம் போய்ச் சேர்ந்தேன். அவரைவிடச் சுத்தமான மெக்கானிக் தர்மபுரி ஜில்லாவில் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அவரையும் ஒருமுறை கழுவித்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். சேற்றோடு வந்த டிராக்டரைக் குளிப்பாட்டிக்கொண்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பியவர். டீக்கடையில் டம்ளரைத் தானே கழுவுவார். கழுவிய தண்ணீரையும் சந்தேகமாகப் பார்ப்பார்.

பானெட்டைத் திறந்தார். "மூஞ்சிக்குப் பவுடர் போட்டிருக்கீங்க. பல்லு வெளக்குனீங்களா சார்?"

குழாயைக் கழற்றிக் காட்டினார். எலுமிச்சம்பழம் உருளவேண்டிய துளைகளில் சுண்டுவிரல்தான் நுழைந்தது. புகைக்கரியும் எண்ணெயும் சேர்ந்து தாராக இறுகியிருந்தன.

"நாலு தொளையிலயும் என் துண்டு வெள்ளையா போயி வெள்ளையா வரணும். அப்பத்தான் மாட்டுவேன்."

"யாருங்க சுத்தம் பண்றது?"

"கரி யாருதுங்க?"

உட்கார்ந்தேன். டீசலில் ஊறவைத்து, ஸ்குரூ டிரைவரால் சுரண்டி, பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்து, சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் போட்டுக் கழுவினேன். கம்பியில் கட்டி அவர் இழுத்த துண்டு, தார் டின்னைத் துடைத்ததுபோல வெளியே வந்தது.

"கறுப்புத் துண்டு ஒண்ணு வாங்கித் தரட்டுங்களா?" என்றேன்.

பதிலுக்கு பிரஷ்தான் திரும்பி வந்தது.

அடுத்த நாள் புத்தியைத் தீட்டினேன். மனிதர் எப்போதும் முதல் துளையிலிருந்துதானே ஆரம்பிக்கிறார்? அதை மட்டும் கண்ணாடியாக்கி வைத்தேன். அன்றைக்கு நாலாவதிலிருந்து ஆரம்பித்தார்.

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"நானும் எங்க மேஸ்திரிக்கிட்ட இதையேதான் பண்ணேன் சார்."

அதற்குப் பிறகு எனக்கு வெறி வந்துவிட்டது. வீட்டில் உப்புமாவை என் முன்னால் வைத்துவிட்டு நாலடி தள்ளி உட்கார்ந்தார்கள். நகக்கண்ணெல்லாம் கரி. அப்படியும் தேய்ப்பதை விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் துண்டு நாலு துளையிலும் வெள்ளையாகவே போய் வந்தது. அதை வெயிலில் பிடித்துப் பார்த்து, மோந்து பார்த்து, தோளில் போட்டுக்கொண்டார். புது கேஸ்கெட் அட்டை வைத்துக் குழாயை மாட்டினார்.

ஞாயிறு காலை, "நானும் வர்றேங்க" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் என் வீட்டு நீதிபதி. கணவாயின் அடிவாரம்வரை இறங்கி வண்டியைத் திருப்பினோம். ஏற்றம் வந்ததும் என் கால் வழக்கம்போலத் தயங்கியது.

"மிதிங்க சார்! பயந்து பயந்து ஓட்டித்தான் இவ்ளோ கரி!"

மிதித்தேன். வண்டி உறுமிக்கொண்டு ஒரு லாரியைத் தாண்டி மேலே போய் நின்றது. உச்சிக்கு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை அவர் எனக்குக் கொடுத்த சர்டிபிகேட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அவரைப் பாலக்கோட்டில் இறக்கிவிட்டு, "பாத்தியா, என் மேல எவ்வளவு நம்பிக்கை!" என்றேன் மனைவியிடம்.

"கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் வந்தேன். ஏத்தம் முடியற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வாய்க்குள்ளயே சாமி பேரா சொல்லிக்கிட்டு இருந்தாருங்க. எஞ்சினைத்தான் நம்புனாரு, உங்களை இல்ல. அப்படியும் உங்களைத் தனியா உடாம கூடவே வந்தாரு பாருங்க."