மைனஸ் இருபத்தாறில் ஒரு ‘பிரச்சினை இல்லை’

சுவிஸில் இருபது வருடங்களாக ஒரு உண்மையை மறைத்து வாழ்ந்தவன் நான். எனக்கு ஸ்கீ ஓடத் தெரியாது.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. நான் வந்த முதல் குளிர்காலத்தில் எடுத்தது. ஒரு மலைச் சாப்பாட்டுக் கடைக்கு வெளியே பனியில் குத்தி வைத்திருந்த யாரோ ஒருவரின் ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகைச் சோடியைத் தோளோடு அணைத்துக்கொண்டு, உலகக் கோப்பை வென்றவன் போல் நிற்கிறேன். (சொந்தக்காரர் உள்ளே சூப் குடித்துக்கொண்டிருந்திருப்பார். இன்றுவரை நன்றி சொல்லவில்லை.) அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் இப்படி இரண்டு படங்கள் இருக்கும்: ஒன்று அடுத்தவன் காரோடு, மற்றது அடுத்தவன் ஸ்கீயோடு. ஊருக்குச் சொன்ன பொய் ஊரோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அதே பொய்யைக் குடியுரிமைக் குழுவின் முன்னாலும் சொன்னேன்.

நாங்கள் ஓல்டனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். அதற்கு முந்தின வருடம் என் மனைவி மாலாவின் தங்கைக்குக் கனடாவில் கல்யாணம். எங்கள் அகதிப் பயணப் பத்திரத்துக்கு விசா வரவில்லை. மாலா குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்து, பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு கல்யாணம் பார்த்தாள். தாலி கட்டுகிற நேரம் பார்த்துப் படம் அசையாமல் நின்றுவிட்டது. ஐயரின் வாய் திறந்தபடியே இருந்தது. மாலா அழவில்லை. “அந்தச் சிவப்புப் பாஸ்போட்டை எடுங்கோ” என்று மட்டும் சொன்னாள். அவள் அந்தக் குரலில் சொன்னால் எடுத்தே ஆக வேண்டும்.

நேர்முகத்துக்கு என்னைத் தயார்படுத்தியவர் ஊஸ்டரில் இருக்கும் குணம் அண்ணை. எங்களுக்கு இரண்டு வருடம் முந்திக் குடியுரிமை கிடைத்தவர். ஆகவே அந்தத் துறையில் பேராசிரியர்.

“தம்பி, அவையள் கேக்கிறது கேள்வியில்லை. நீ தங்களைப் போல இருக்கிறியோ எண்டுதான் பாக்கினம். ஆற்றின்ர பேர், மந்திரியின்ர பேர் எல்லாம் சும்மா சாட்டு.”

போனோம். நீள மேசை, ஐந்து பேர், ஐந்து தண்ணீர்க் கிளாஸ். ஆறுகள் ஓடின, மந்திரிமார் வரிசையாக வந்து போனார்கள். பிறகு, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்றார்கள். மாலா, “தோட்டம் செய்வேன். மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன்” என்று உண்மையைச் சொன்னாள். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்திருக்கக் கூடாது.

“நீங்கள்?”

அவர்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய வெள்ளை மலை. அதைப் பார்த்தபடியே என் வாய் திறந்தது.

“ஸ்கீ.”

மேசையின் ஓரத்தில் வெள்ளை மீசையோடு இருந்த ஹெர் ஸ்டுக்கியின் (ஹெர் என்றால் திரு) பேனை நிமிர்ந்தது. ஓய்வுபெற்ற தச்சர். ஊர் ஸ்கீச் சங்கத்தின் முன்னாள் தலைவர் (இது எனக்குப் பிறகுதான் தெரியும், எல்லாமே எனக்குப் பிறகுதான் தெரியும்).

“அப்படியா! எங்கே ஓடுவீர்கள்?”

“மலையில்.”

அவர் அதை எழுதிக்கொண்டார்.

“குளிர் உங்களுக்குக் கஷ்டமில்லையா?” என்று நடுவில் இருந்த அம்மா அன்பாகக் கேட்டார். இந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். நானோ, “நான் உறைந்த சாமான் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். தினமும் மைனஸ் இருபத்திரண்டு. குளிர் எனக்கு அலுவலகம்” என்றேன். ஐந்து பேரும் சிரித்தார்கள். ஐந்து பேர் சேர்ந்து சிரித்தால் என்னிடம் எதையும் எழுதி வாங்கிவிடலாம்.

“அப்படியானால் அடுத்த வாரம் சனிக்கிழமை என்னோடு வாருங்களேன்” என்றார் ஹெர் ஸ்டுக்கி.

“பிரச்சினை இல்லை.”

ஜெர்மன் மொழியில் நான் முதன்முதலில் கற்றது அதுதான். வந்த புதிதில் நான் கோப்பை கழுவிய சாப்பாட்டுக் கடையில், இன்னும் ஒரு மணி நேரம் நிற்க முடியுமா, ஞாயிறு வர முடியுமா, இந்த அண்டாவையும் தேய்க்க முடியுமா, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே மறுமொழி. அதற்கு எதிர்ச்சொல்லைக் கற்றுக்கொள்ளப் பிறகு நேரம் கிடைக்கவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மாலா தொடங்கினாள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் எப்பவப்பா ஸ்கீ ஓடினனீங்கள்?”

“அது வந்து... படம் இருக்குத்தானே.”

“படத்திலயே ஓடினனீங்கள்? நிண்டுகொண்டெல்லோ இருக்கிறியள்!”

“அவர் மறந்துபோவார், மாலா.”

“சுவிஸ்காரன் திகதியை மறப்பானோ? கெதியாப் போங்கோ, நாளைக்குப் பழைய பேப்பர் எடுக்கிற நாள். நான் இன்னும் கட்டேல்லை.”

(இங்கே மாதம் ஒருமுறை பழைய பேப்பரைக் கட்டி வாசலில் வைத்தால் கிராமசபை வந்து எடுக்கும். இந்தப் பேப்பர் கட்டுவது மாலாவுக்கு ஒரு பூசை மாதிரி. விளிம்பு தட்டி, குறுக்கே ஒரு கயிறு, நெடுக்கே ஒரு கயிறு, நடுவில் ஒரு முடிச்சு. ‘குப்பைக்குப் போறதுக்கு ஏன் இந்த அலங்காரம்’ என்று நான் பகிடி பண்ணாத மாதம் கிடையாது.)

அடுத்த சில நாட்கள் மழை பெய்தது. மலையில் பனி கரைகிறது என்று செய்தி வர, எனக்குத் தெய்வ நம்பிக்கை கூடியது. புதன்கிழமை காற்று திசை மாறியது. வியாழக்கிழமை யன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமும் பனி படிந்தது. சனிக்கிழமை மலையில் மைனஸ் இருபத்தைந்து, மேலதிகமாகக் காற்று என்று போன் சொன்னது. பதின்மூன்று வயது மகள், காற்றோடு சேர்த்தால் அது மைனஸ் முப்பத்தெட்டுப் போல இருக்கும் என்று கணக்குச் சொல்லிவிட்டுப் பாண் தின்னப் போனாள்.

சாதாரண மனிதன் குளிரைக் காட்டித் தப்பியிருப்பான். நான் அந்தக் கதவை என் வாயாலேயே பூட்டி, திறப்பையும் குழுவிடம் கொடுத்திருந்தேன். குணம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“போகாட்டி என்ன செய்வினம், அண்ணை?”

“என்ன செய்வினமோ? ‘ஆள் பொய் சொல்லியிருக்கிறார்’ எண்டு எழுதுவினம். தம்பி, இதுதான் உண்மையான சோதினை. மற்றதெல்லாம் வாய்ப்பாடு.”

“போனா விழுவன், அண்ணை.”

“விழு. விழுறவனுக்குப் பாஸ்போட் இல்லையெண்டு எந்தச் சட்டத்திலயும் இல்லை.”

மாலா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அவளுடைய கருத்து வேறு.

“எங்கட ஹைமில இடுப்பு முறிஞ்சு வாற ஆக்களில பாதிப்பேர் ஸ்கீயில விழுந்தவை. அவை மூண்டு வயதில இருந்து ஓடினவை. நீங்கள் சனிக்கிழமையில இருந்து ஓடப்போறியள்.”

“அப்ப போகேல்லை எண்டு சொல்லட்டோ?”

கல்யாண வீட்டு ஐயரின் திறந்த வாய் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

“எனக்குத் தெரியேல்லையப்பா” என்றாள். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் மாலா அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதில்தான் நான் உண்மையில் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெர் ஸ்டுக்கியே போன் எடுத்தார்.

“நாளைக்குக் கொஞ்சம் குளுமையாக இருக்கும் போலிருக்கிறது.”

மைனஸ் இருபத்தைந்துக்கு ‘கொஞ்சம் குளுமை’! இது நிச்சயமாகச் சோதனை.

“ஓம்... கொஞ்சம்.”

“உங்களுக்கு எப்படி?”

“பிரச்சினை இல்லை.”

போன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“நல்லது” என்றார் கடைசியில். “நானும் அப்படித்தான் நினைத்தேன்.”

ஸ்கீயும் சப்பாத்தும் வேலையிடத்தில் ஒருவரிடம் இரவல். சப்பாத்து இரண்டு அளவு சின்னது. உடுப்புத்தான் சிக்கல். எங்கள் மூன்று பேரிடமும் இருந்த குளிர் உடுப்புகளில் மைனஸ் இருபத்தைந்தைத் தாங்கக்கூடியது ஒன்றே ஒன்று: என் களஞ்சியச் சீருடை. தலையிலிருந்து கால்வரை நீல நிறம், கைகால்களில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி, முதுகில் கம்பெனிச் சின்னமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பச்சைப் பட்டாணி. சனிக்கிழமை காலை என்னை ஏற்ற வந்து வாசலில் பார்த்த ஹெர் ஸ்டுக்கி பட்டாணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவிஸ் நாகரிகம் என்பது அதுதான். மாலா அலுமினியத் தாளில் சுற்றிய பத்து மட்டன் ரோல்ஸை என் கையில் திணித்துவிட்டு, “கையை முறிச்சாலும் வலக்கையை முறிக்காதேங்கோ, கையெழுத்து வைக்கோணும்” என்று வழியனுப்பினாள்.

மலையடிவார வெப்பமானி மைனஸ் இருபத்தாறு காட்டியது. (மலையின் பெயர் வேண்டாம். என்னால் அதற்குப் போதுமான கெட்ட பெயர்.) அப்போதுதான் ஒரு தொழில் உண்மை புரிந்தது. எங்கள் களஞ்சியத்தில் காற்று இல்லை. அதோடு இடைக்கிடை சூடான அறையில் தேத்தண்ணி உண்டு. இந்த மலையைக் கட்டியவர்கள் அப்படியொரு அறையை வைக்கவில்லை. மூச்சு விட்டால் மூக்குக்குள் கண்ணாடி உடைந்தது.

காற்றினால் மேல் லிப்ட் மூடியாயிற்று. கீழ் லிப்ட் மட்டும் ஓடியது. மூடிய லிப்டுக்கு முன்னால் நின்ற ஏழெட்டுப் பேர் என் மினுங்கும் பட்டியைக் கண்டதும் ஓடி வந்தார்கள்.

“எப்போது திறப்பீர்கள்?”

இல்லை, நான் லிப்ட் ஊழியன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகங்களில் எவ்வளவு நம்பிக்கை!

“கெதியாக” என்றேன். “பிரச்சினை இல்லை.”

அவர்கள் காத்திருந்தார்கள். கடவுள் என்னை மன்னிப்பாராக.

கம்பியில் தொங்கி ஓடும் கதிரை லிப்டில் ஏறுவது சுலபம். அது பின்னால் வந்து முழங்காலை மடக்கி நம்மை உட்கார்த்திவிடும். இறங்குவதற்குத்தான் அறிவு வேண்டும். உச்சியில் ஹெர் ஸ்டுக்கி மெல்ல எழுந்து வழுக்கிப் போனார். நானும் எழுந்தேன். கால்கள் இரண்டும் வேறு வேறு நாடுகளில் அகதித் தஞ்சம் கோரப் புறப்பட்டன. விழப்போனவன் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். அகப்பட்டது ஹெர் ஸ்டுக்கி.

மணி அடித்தது. லிப்ட் நின்றது. எங்களுக்குப் பின்னால் அந்தக் குளிரில், அந்தரத்தில், ஒரு முழு மலைச்சரிவின் சனமும் கதிரைகளில் ஆடிக்கொண்டு எங்களைப் பார்த்தது. உண்மையான லிப்ட் ஊழியர் ஓடி வந்து என் பட்டாணியைப் பார்த்து, “நீங்கள் எந்தக் கம்பெனி?” என்றார்.

ஓரமாக இழுத்துவிடப்பட்டு, பனியில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். ஹெர் ஸ்டுக்கியின் மீசை ஒரே கட்டியாக உறைந்திருந்தது. கனடா, கல்யாணம், பாஸ்போட் எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

“ஹெர் ஸ்டுக்கி, எனக்கு ஸ்கீ ஓடத் தெரியாது.”

“தெரியும்.”

“இப்போது விழுந்ததாலா?”

“இல்லை. எங்கே ஓடுவீர்கள் என்று கேட்டேன். ‘மலையில்’ என்றீர்கள்.”

“பிறகு ஏன் கூப்பிட்டீர்கள்?”

“சும்மா பகிடிக்கு. நீங்கள் ஒரு சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன்.” பல்லுக் கிட்டியபடியே சொன்னார். “நேற்றும் அதற்குத்தான் எடுத்தேன். என் மனைவி பக்கத்தில் நின்று, ‘வேண்டாம் என்று சொல்’ என்று கையைக் காட்டுகிறாள். நீங்களோ பிரச்சினை இல்லை என்கிறீர்கள். வெயில் நாட்டிலிருந்து வந்தவர் வருகிறேன் என்கிறபோது, ஸ்கீச் சங்கத்துத் தலைவராக இருந்தவன் குளிருது என்று சொல்ல முடியுமா?”

மைனஸ் இருபத்தாறில் அந்த மலைக்கு மனமொத்து வந்திருந்த இரண்டு பேருக்கும் அங்கே வர விருப்பமில்லை.

“அப்படியானால் பாஸ்போட்...?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “இதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. ஆனால் நீங்கள் இங்கேயே உறைந்துவிட்டால் கடிதத்தை யாருக்கு அனுப்புவது? அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. ஐந்து பேருக்கும் சம்மதம்.”

“என் ஜெர்மன்...?”

“இல்லை, இல்லை. பேப்பர்.”

“என்ன பேப்பர்?”

“பழைய பேப்பர். நடுவில் இருந்த அம்மா உங்கள் தெருதான். இந்த ஊரிலேயே உங்கள் வீட்டுக் கட்டுத்தான் ஆக அழகு என்றார். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. அதற்குப் பிறகு கேட்க ஒன்றுமில்லை.”

கீழே இறங்கியது லிப்டில்தான். ஸ்கீயை மடியில் வைத்துக்கொண்டு, ஏறி வருகிற ஒவ்வொரு கதிரைக்கும் வணக்கம் சொல்லியபடி இறங்கினோம். கடையில் சூப் வாங்கினோம். ரோல்ஸ் கல்லாகியிருந்தது, ஒன்றை மேசையில் வைத்தபோது மரத்தில் மரம் தட்டிய சத்தம். கடைக்காரம்மா அடுப்பில் வைத்துத் தந்தார். ஹெர் ஸ்டுக்கி ஆறு சாப்பிட்டார். மீசை அப்போதுதான் முழுதாக உருகியது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாலா கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்து போய், கதவு மூலையில் கிடந்த கயிற்றுப் பந்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

அடுத்த வருடம் கனடாவுக்குப் போனோம். தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. மாலா, போனில் கல்யாணம் பார்த்த நாளில் உடுத்த அதே பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு பிள்ளையைத் தூக்கினாள். என்னுடைய சாகசத்தை அங்கே முப்பது பேருக்கு முன்னால் சொன்னவளும் அவள்தான். எங்கள் வீட்டில் இப்போது யாராவது தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் கதைத்தால், மகள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, “எங்க, மலையிலயோ?” என்பாள். அவள் பல்கலைக்கழகம் போகிறாள், இன்னும் விடவில்லை.

ஹெர் ஸ்டுக்கி ஒவ்வொரு குளிர்காலமும், ஆகக் குளிரான வெள்ளிக்கிழமை பார்த்து, மத்தியானம் எடுப்பார். போன மாதமும் எடுத்தார்.

“நாளைக்குக் கொஞ்சம் குளுமையாக இருக்கும் போலிருக்கிறது. உங்களுக்கு எப்படி?”

“எனக்கு ஏலாது, ஹெர் ஸ்டுக்கி.”

“நல்லது” என்றார் மிகுந்த சந்தோஷத்தோடு. “எனக்கும் ஏலாது. ரோல்ஸுக்கு எத்தனை மணிக்கு வர?”

குசினிக்குள்ளிருந்து மாலாவின் குரல் வந்தது.

“ஏலாது எண்டு சொல்லிப்போட்டியளோ?”

“சொல்லிப்போட்டன்.”

“கெட்டிக்காரன். அப்ப வந்து இருந்து அந்தப் பேப்பரைக் கட்டுங்கோ. போன முறை முடிச்சு ஒரு பக்கமாப் போட்டியள்.”

விளிம்பைத் தட்டினேன். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, முடிச்சு சரியாக நடுவில்.