பதினாறு சென்ட் கோட்டை

"ஏலே, இங்கிலாந்துக் கோட்டைக்குப் பின்னால முருங்கை மரம் எப்படில வந்துச்சு?"

சாகுபுரத்திலிருந்து போனில் நேசக்குமாரைப் பிடித்துக் கேட்டார் அண்ணன் பிரைட்டன்.

"சும்மா ஒரு அழகுக்கு எழுதினேன் அண்ணே."

"கிணத்துத் தண்ணி உப்புன்னு எழுதியிருக்கே. கோட்டை பதினாறு சென்ட்னு எழுதியிருக்கே. அப்பாவோட மில்லர்புரம் வீட்டை அப்படியே தூக்கி இங்கிலாந்துல வச்சு, அதை இளையவனுக்குக் குடுத்துருக்கே. நான் என்ன மாங்கா மடையனால?"

நேசக்குமார் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் மேனேஜர். கப்பல் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இங்கிலாந்து போகும். அவர் திருச்செந்தூரைத் தாண்டிப் போவது அபூர்வம். ஆனாலும் அந்த நாட்டுப் பழைய பிரபுக்கள் அத்தனை பேரையும் தன் சித்தப்பா பெரியப்பா மாதிரிதான் பேசுவார். இப்போது நாவல் வேறு எழுதுகிறார். ஒவ்வொரு அத்தியாயமும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் வந்து விழும்.

நிஜத்தில் 1485-இல் ரிச்சர்டு மன்னன் போர்க்களத்தில் செத்துப்போனான். நேசக்குமார் அவனைச் சாகவிடவில்லை. ஜெயிக்கவைத்தார். ஜெயித்த கையோடு ரிச்சர்டு, மூத்த மகனுக்கே சொத்து என்ற வழக்கத்தை ஒழித்து, தகப்பனைக் கூட வைத்துப் பார்க்கிறவனுக்கே கோட்டை என்று சட்டம் போட்டான். அந்தச் சட்டப்படி கிழட்டுப் பிரபு ஒருவர் தன் கோட்டையை இளைய மகனுக்குக் கொடுத்தார்.

அப்பாவைக் கூட வைத்திருப்பது நேசக்குமார்தான். வீட்டை எனக்கு எழுதுங்கள் என்று நேரே கேட்க வெட்கம், பயம். அதற்காக ஒரு நாட்டின் சரித்திரத்தையே திருப்பிப்போட மட்டும் அவருக்குக் கூச்சமே இல்லை.

அப்பா சுந்தரராஜ், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எண்பத்து நான்கு வயது. செல்போனைத் தொடமாட்டார். அவருக்கென்று ஆபீஸ் பிரிண்டரில் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுப்பார் மகன். பெரியவர் லென்சை வைத்து ஒரு வரி விடாமல் படித்தார். "ம்" என்றார். மறுநாள் காலையில் ஆட்டோ வைத்து, பி.பி. பார்த்து வருகிறேன் என்று போய்விட்டார்.

"ஒங்க கதையப் படிச்சு மாமாவுக்குப் பிரஷர் ஏறிட்டு" என்றாள் மனைவி ஞானபாய்.

அப்பாவுக்குப் புரிய வேண்டும், மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்பது திட்டம். நடந்தது நேர்மாறு என்று நேசக்குமார் நொந்துகொண்டார்.

"வக்கீலைப் பாக்கப் போறேன்ல" என்று அண்ணன் போனை வைத்ததும் இலக்கியக் கொள்கை காற்றில் பறந்தது. அன்றைக்கே அத்தியாயத்தைத் திருத்தினார். எதிரிப் படை திரும்பி வந்து சட்டத்தைக் கிழித்தது. கோட்டை மூத்தவனுக்குப் போனது. அண்ணன் பூங்கொத்துப் படம் அனுப்பினார். அப்பா படித்தார். "ம்." மறுநாள் ஆட்டோ, பி.பி.

மூன்றாம் நாள் சாயர்புரத்திலிருந்து தங்கை ஜெப்ஸி பஸ் ஏறி வந்து இறங்கினாள். டீச்சர். கையில் சிவப்புப் பேனாவோடேயே வந்திருந்தாள்.

"ஏண்ணே, பிரபுவுக்கு ஒரு மகளும் உண்டும்லா? அவளை எதுக்கு கன்னியர் மடத்துல சேத்தே?"

"அந்தக் காலத்துல அப்படித்தாம்மா..."

"அந்தக் காலத்துல செத்த ராஜாவையே உசுரோட உக்கார வச்சுட்டே. ஒரு பொம்பளைக்குப் பங்கு குடுக்க மட்டும் ஒனக்குச் சரித்திரம் இடிக்குதோ?"

ஜெப்ஸி ஊர் போய்ச் சேருமுன் மகன்கள் இருவரும் சண்டையில் செத்தார்கள். மருமகளைக் கொள்ளைநோய் கொண்டுபோனது. மகள் கோட்டையை ஆண்டாள். அப்பா படித்தார். "ம்." மறுபடியும் ஆட்டோ.

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு வரவில்லை.

"பதினெட்டு வருஷமா மாமாவுக்குக் கஞ்சி வச்சுக் குடுக்கவ நானு" என்றாள் ஞானபாய். "கொள்ளைநோயிலயா கொல்லுதீங்க என்னை? போங்க, அந்தக் கோட்டைக்காரிட்டயே போய்ச் சோறு கேளுங்க."

பசி பொறுக்காமல் நேசக்குமார் கடைசியாக ஒரு முடிவு எழுதினார். கிழட்டுப் பிரபு, இந்தப் பிள்ளைகள் யாருக்கும் வேண்டாம் என்று கோட்டையை மடத்துச் சாமியார்களுக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

என்ன ஆச்சரியம்! குரூப்பில் கைதட்டல் படங்கள் குவிந்தன. தனக்குக் கிடைக்காத வீடு கூடப்பிறந்தவனுக்கும் கிடைக்கவில்லை என்றால் குடும்பத்தில் அப்படியொரு சமாதானம். "அருமையான முடிவுல" என்றார் பிரைட்டன். ஜெப்ஸி பத்துக்குப் பத்து மார்க் போட்டாள். ஞானபாய் தட்டை வைத்தாள். அப்பா மட்டும் இந்தத் தடவை இரண்டு முறை படித்தார். லென்சைத் துடைத்தார். "நல்ல மனசுடே ஒனக்கு" என்றார். மறுநாள் ஆட்டோவில் போனவர் திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது.

நேசக்குமாருக்கு உள்ளூரச் சிரிப்பு. எல்லாரும் சந்தேகத்தை விட்டாயிற்று. இனி ஆற அமர, ஒரு நல்ல நாள் பார்த்து, அப்பாவிடம் வாயைத் திறந்தே கேட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் மில்லர்புரத்தில் கூடினார்கள். சீலா மீன் குழம்பு கொதித்தது. அப்பா உள்ளே நிம்மதியாகக் கண்ணயர்ந்திருந்தார். அப்போது கேட் திறந்தது. சபை கமிட்டியார் இரண்டு பேர் டேப்பைப் பிடித்துக்கொண்டு முருங்கை மரத்திலிருந்து அளக்க ஆரம்பித்தார்கள். பின்னாலேயே, கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு, பத்திரம் எழுதும் மரியான் வந்தார்.

"என்ன மரியான் அண்ணாச்சி, என்ன அளக்காங்க?" நேசக்குமார் வாசலுக்கு ஓடினார்.

"வீட்டைத்தான் சார். சபைக்குத் தானப் பத்திரம் வெள்ளிக்கிழமை பதிஞ்சாச்சு. இனி மாத்த முடியாது."

"ஐயோ, அப்பா யாரைக் கேட்டு எழுதினாங்க?"

மரியான் கட்டைப் பிரித்தார். மேலே பத்திரத்தின் நகல். அதற்குக் கீழே வரிசையாக, பெரிய எழுத்தில், ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்த நேசக்குமாரின் அத்தியாயங்கள். கடைசியைத் தவிர மற்ற ஒவ்வொன்றோடும் ஓர் உயில் பின் குத்தியிருந்தது.

"'எம் மவனுக்கு வாயைத் தொறந்து கேக்க வராது, மனசுல உள்ளதைக் கதையிலதான் சொல்லுவான், அவன் சொல்லுதபடியே எழுதும்'னு அய்யா ஒவ்வொரு தடவையும் ஆட்டோ வச்சு வந்து நின்னாங்க சார், மொதல்ல எழுதினதோட நீங்க நிறுத்தியிருந்தீங்கன்னா, வீடு ஒங்களுக்குத்தான்."