சைக்கிள் அலவன்ஸும் ஒரு சாட்சியும்

ஒருவன் ஏழையாகிவிட்டான் என்று ஊர் முடிவுசெய்தால், அந்தச் செய்தி கடைசியாக வந்துசேர்வது அவனுக்குத்தான். எனக்கு அப்படித்தான் நடந்தது.

அப்போது கேரளத்து நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆபீஸில் வேலை. ஷீபாவுக்கும் எனக்கும் நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருந்த நேரம். சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்களுக்கு மாதாமாதம் அலவன்ஸ் என்று மேனேஜர் அறிவித்ததும் முதலில் கை தூக்கியவன் நான். (கையைத் தூக்குவது சுலபம். வழியிலிருக்கும் தனுவச்சபுரத்து ஏற்றத்தில் காலைத் தூக்குவதுதான் பாடு.)

பைக்கைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். சித்தப்பாவின் துருப்பிடித்த சைக்கிள், வியர்வைக்கென்று ஒரு கிழிந்த பனியன், ஹேண்டில்பாரில் ஆபீஸ் சட்டை வைத்த ஜவுளிக்கடைக் கவர். இந்தக் கோலத்தில் கிளம்பினேன்.

அன்றிலிருந்து ஊரின் போக்கே எனக்குப் புரியவில்லை. டீக்கடை ராஜமணி அண்ணன் காசு வாங்க மறுத்தார். “கெடக்கட்டும் மக்கா. எல்லாம் செரியாவும்.”

எது சரியாகும்? மீன்கார அக்கா அம்மாவுக்குக் கூடுதலாகச் சாளை அள்ளிப் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாராம். அம்மாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை, மீனை மட்டும் பொரித்துவிட்டாள்.

ஞாயிறு ஆராதனையில் போதகர், “கஷ்டத்தில் இருக்கும் ஒரு வாலிபனுக்காக ஜெபிப்போம்” என்றார். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று உருகிப்போய், சபையிலேயே உரக்க ஆமென் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்தியை மெச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஷீபாவின் அப்பா காரக்கோணத்திலிருந்து வந்தார். துக்கம் விசாரிக்க வந்த முகம்.

“மக்கா, பைக்க வித்தாச்சா?”

அந்த வாலிபன் யாரென்று அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்தேன்.

“இஞ்ச உண்டு மாமா!”

“அப்ப பெட்ரோலுக்குக் காசில்ல.”

“காசு உண்டு மாமா. சைக்கிள் சவுட்டினா ஆபீஸ்ல காசு தாறாவ.”

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். “எலே, சைக்கிள் சவுட்டினா காசு தாற ஆபீஸ் எங்க உண்டு? வேல போச்சுன்னா போச்சுன்னு சொல்லு. எனக்க மோளுக்க வாழ்க்கையாக்கும் இது.”

மேனேஜரை ஃபோனில் பேசவைத்தேன். அவர் மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். முழுக்கக் கேட்டுவிட்டு மாமா, “ஒனக்க கூட்டுக்காரனாக்கும், இல்லியா?” என்றார்.

உண்மையைச் சொல்லச் சொல்லக் கல்யாணம் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. அவர் போனதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஷீபாவை ஃபோனில் கூப்பிட்டேன்.

“நான் நம்புதேன்” என்றாள். “ஆனா அப்பாட்ட சொல்ல மாட்டேன். எனக்கும் புத்தி பெசகிப்போச்சுன்னு நெனப்பாரு. பேசாம பைக்க எடுங்க. அடுத்த ஞாயிறு கர்த்தர் செஞ்ச நன்மைன்னு சபையில சாட்சி சொல்லுங்க.”

சொன்னேன். எங்கேயும் போகாத பைக்கைத் திருப்பித் தந்ததற்காக எழுந்து நின்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். சாட்சி கேட்க வந்திருந்த மாமா கண்ணைத் துடைத்தார். கல்யாணம் நடந்தது. சைக்கிளில் சம்பாதித்த அலவன்ஸ் முழுதும் நன்றிக் காணிக்கையாகப் பெட்டிக்குள் போனது.

இன்றும் நான் “கையில காசில்ல” என்று வாயைத் திறந்தால் போதும், ஷீபா தலைகுனிந்து, “கஷ்டத்தில் இருக்கும் ஒரு வாலிபனுக்காக...” என்று ஆரம்பிப்பாள். பிள்ளைகள் வீடு அதிர ஆமென் போடும். மாமா வந்திருந்தால் அவரும் கண்ணை மூடிக்கொள்வார்.

அவர் மட்டும் விளையாடவில்லை.