கை தட்டி வாங்கிய பாலம்

மதிப்பிற்குரிய மைத்துனர் ஜைலோசி அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஃபலேசியின் கணவன் லாய்சன் பணிவோடு எழுதுவது. முசுசுவில் பிள்ளைகள் சுகமா? மழை விழுந்ததா, சோளம் தலையெடுத்ததா? நேரில் என்றால் குனிந்து கை தட்டி வணங்கியிருப்பேன். ஆனால் நம் ஊரில் இப்போது யாரும் கை தட்டுவதில்லை. காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"தங்கச்சியைக் காப்பாத்த வக்கில்லன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். கல்யாணத்தில் அவளுக்குப் பொறுப்பாக நின்றவர் நீங்கள், கேட்க உரிமை உண்டு. ஆனால் மினிபஸ்ஸை ஓட்டியது நானில்லையே. நீங்கள் பிறந்த ஊர், உங்களுக்குத் தெரியாததா? மாவு மில் எதிர்ப்பக்கம், ஆஸ்பத்திரி எதிர்ப்பக்கம், வயிறு மட்டும் இந்தப் பக்கம். சோளக் கூடையோடு சாலையைக் கடந்தவளை அடித்துப் போட்டுவிட்டு அவன் நிற்காமலே போய்விட்டான். கால் கூடிவிட்டது, ஆனால் கோணலாகக் கூடியிருக்கிறது.

அதன் பிறகு ஊரே திரண்டு கேட்டது இரண்டே விஷயம்: சாலையைக் கடக்க வெள்ளைக் கோடு, முன்னும் பின்னும் வேகத்தடை. மக்களைக் கலந்து பேசித்தான் எதையும் செய்வோம் என்றார்கள் சாலைத் துறை அதிகாரிகள். பந்து மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். இளம் பொறியாளர் ஒருவர் படம் விரித்தார். பார்த்தால் சாலைக்கு மேலே பாலம், இரண்டு பக்கமும் வானத்துக்கு ஏறுகிற படிகள். நம் வழக்கம்தான் தெரியுமே, விருந்தாளி வாயைத் திறந்தாலும் தட்டுவோம், மூடினாலும் தட்டுவோம். அவர் உட்கார்ந்ததும் தட்டினோம்.

உங்கள் தங்கை ஊன்றுகோலோடு எழுந்தாள். "தம்பி, படி நல்லாத்தான் இருக்கு. நான் கட்டைய ஊனி ஏறிடுவேன்னே வச்சுக்க. தலையில இருக்கிற கூடைய எந்தக் கையால புடிக்கிறது?"

வாடகைச் சைக்கிள் ஓட்டும் பிஸ்விக்கும் சும்மா இருக்கவில்லை. "நாங்க சைக்கிள்ல ஏறிப் போறதா, சைக்கிள் எங்க மேல ஏறி வர்றதா?"

பொறியாளர் சிரித்து, நல்ல கேள்விகள் என்று பாராட்டினார். பாராட்டினால் தட்டாமல் இருக்க முடியுமா? அதற்கும் தட்டித் தொலைத்தோம். பாலத்தை மக்கள் பலத்த கரகோஷத்தோடு வரவேற்றதாக மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள்.

விவரம் தெரிந்து நாங்கள் கொதித்துப்போய் இரண்டாவது கூட்டம் கேட்டோம். கொடுத்தார்கள். இம்முறை ஒரு விரல்கூட அசையக் கூடாது என்று பேசிவைத்து, ஊர் மொத்தமும் கையை அக்குளில் செருகிக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தது. வந்தவர்களுக்கு மரியாதை இல்லையே என்று ஊர்த் தலைவர் சிகுலு வெட்கத்தில் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். தட்டினாலும் சம்மதம், தட்டாவிட்டாலும் சம்மதம். பின்னே எதற்குய்யா எங்களைக் கேட்டீர்கள்? நீங்களே சொல்லுங்கள், மைத்துனரே.

பாலம் வந்துவிட்டது. ஆடுகள் ஏறுகின்றன, காதலர்கள் ஏறுகிறார்கள், கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சோளக் கூடைக்காரிகள் வழக்கம்போலக் கீழேதான் ஓடுகிறார்கள். பாலம் இருக்கும்போது கீழே கடப்பது குற்றமாம், பிடிக்க ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருக்கிறார்கள். மினிபஸ்ஸைப் பிடிக்க ஆள் இல்லை.

ஆகையால் குற்றம் என்மேல் இல்லை. மூன்றாவது கூட்டம் கேட்டிருக்கிறோம், அதில் வாயைத் திறந்தே "வேண்டாம்" என்று கத்துவோம். எப்படியும் கோடு போட வைத்துவிடுவேன். அவளை மட்டும் என்னிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு நசிமாக் களி இறங்காது.

உங்கள் வீட்டுப் பானை நிறையட்டும், பிள்ளைகள் நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
லாய்சன் கட்சுவா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். இன்று மில்லுக்குப் போனவளைப் போலீஸ்காரர் பாதிச் சாலையில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அரைக்காத சோளத்தை இறக்கி வைத்துவிட்டு, "அண்ணன வரச் சொல்லு" என்றாள். நானே மூட்டையைக் கட்டினேன். வாருங்கள். ஆனால் முசுசு பஸ் நிற்பது எதிர்ப்பக்கம். அவளும் நானும் மூட்டையோடு இந்தப் பக்கம் நிற்போம். இறங்கியதும் எங்களைக் கை தட்டி மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். உங்களுக்கும் பாலம் பிடித்திருக்கிறது என்று எழுதிக்கொள்வார்கள்.